சின்சில்லா கைக்கு வர மாட்டேன் என்கிறதா?

போன வருடம் ஒரு அப்பாவும் மகளும் தங்கள் சின்சில்லாவை, அதாவது அடர்ந்த ரோமம் கொண்ட சின்னக் கொறிக்கும் பிராணியை, என் கிளினிக்குக்குக் கொண்டுவந்தார்கள். முதுகில் ஒரு பக்கம் முடியே இல்லை. புண்ணோ சிவப்போ எதுவும் இல்லாமல் தோல் சுத்தமாக இருந்தது. "தோல் வருத்தமோ டொக்டர்?" என்று அப்பா கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் மகள், "அப்பாதான் மேலால கையை விட்டுப் பிடிச்சவர், அப்பதான் கழண்டது" என்று சொல்லிவிட்டாள். பாவம், அவர் கூண்டைச் சுத்தம் செய்யத்தான் அதை வெளியே எடுக்கப் பார்த்திருக்கிறார்.

இங்கே டொராண்டோவில் பிள்ளைகள் கேட்கிறார்களே என்று நம் வீடுகளிலும் சின்சில்லா வாங்குகிறார்கள். பஞ்சு மாதிரி இருப்பதால் நாள் முழுக்க மடியில் வைத்துக் கொஞ்சலாம் என்று நினைக்கிறார்கள். ஒரு வாரத்திலேயே ஏமாற்றம். கையைக் கண்டாலே ஓடுகிறது, குரைக்கிறது, பெண்ணாக இருந்தால் பின்னங்கால்களில் எழுந்து நின்று சிறுநீரைப் பீய்ச்சுகிறது. இது கெட்ட குணம் இல்லை, பயம். அது எதற்குப் பயப்படுகிறது என்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் பொறுமைதான்.

இவற்றின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலை. அங்கே மேலிருந்து கழுகும் ஆந்தையும் பாயும், தரையில் நரி துரத்தும். அதனால் மேலிருந்து இறங்கும் எதுவும் அதற்கு எதிரிதான், உங்கள் கையும் சேர்த்து. எதிரியின் பிடியில் சிக்கினால் முடியை மட்டும் கொத்தாகக் கழற்றி விட்டுவிட்டு உடம்பு தப்பித்துக்கொள்ளும். ஒரே துளையிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட முடிகள் வளரும் அளவுக்கு அடர்த்தியான ரோமம் அது. கழன்றது திரும்ப முழுதாக வளர சில மாதங்கள்கூட ஆகும். இன்னொன்று, 1923-ல் மத்தியாஸ் சாப்மன் என்ற அமெரிக்கர் சிலியிலிருந்து கலிபோர்னியாவுக்கு 11 சின்சில்லாக்களைக் கொண்டுவந்தார். இன்று வீடுகளில் இருப்பவற்றில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவைதான். இந்த நூறு வருடத்தில் இவற்றைப் பெரும்பாலும் தோலுக்காகத்தான் வளர்த்தார்கள், மனிதர் கையில் பழகும் குணத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வளர்த்தது குறைவு. நாய் மாதிரி வந்து ஒட்டிக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

சரி, எப்படிப் பழக்குவது? முதல் சில நாட்கள் தொடவே வேண்டாம். மாலை மங்கியதும்தான் அது சுறுசுறுப்பாகும், அப்போது கூண்டுப் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுங்கள், போதும். அப்புறம் கையைக் கூண்டின் தரையில், உள்ளங்கை மேலே தெரியும்படி வைத்துவிட்டு அசையாமல் இருங்கள். அது வந்து முகரும், விரலை லேசாகக் கடித்துப் பார்க்கும். அந்த நேரத்தில் கையை வெடுக்கென்று இழுப்பதுதான் பலரும் செய்யும் தவறு. உள்ளங்கையில் ஒரே ஒரு ஓட்ஸ் வைக்கலாம். உலர்திராட்சை வேண்டாம், அந்தச் சர்க்கரை அதன் குடலுக்கு ஆகாது. கையில் ஏறி உட்கார ஆரம்பித்ததும் கன்னத்தையும் தாடைக்குக் கீழேயும் சொறிந்து கொடுங்கள், பல சின்சில்லாக்களுக்கு அந்த இடம் பிடிக்கும். அது விலகினால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான். போக நினைத்தால் போகலாம், இந்தக் கை தடுக்காது என்று தெரிந்த பிறகுதான் அது பயமில்லாமல் திரும்ப வரும். சிலதுக்கு இரண்டு வாரம் போதும், சிலதுக்கு ஆறு மாதம் வேண்டும். கடைசிவரை மடியில் உட்காராத சின்சில்லாவும் உண்டு, அதையும் அப்படியே ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

வெளியே விடும்போது சின்ன அறை நல்லது. பாத்ரூம் என்றால் கமோடை மூடிவிட்டு, தரையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் உங்கள் கால் மேலும் தோள் மேலும் தாவி விளையாடும். திரும்பக் கூண்டுக்குக் கொண்டுபோக ஓடிப் பிடிக்கவே கூடாது, பத்து நாள் பழக்கமும் அந்த ஒரு துரத்தலில் போய்விடும். தூள் குளியல் பெட்டியை, அதாவது ரோமத்தைச் சுத்தம் செய்ய அது புரளும் மெல்லிய தூள் போட்ட பெட்டியை, முன்னால் வையுங்கள், அதுவே உள்ளே குதிக்கும், பெட்டியோடு தூக்கிக்கொண்டு போகலாம்.

கையில் எடுக்கும்போது ஒரு கையை முன்னங்கால்களுக்குக் கீழே நெஞ்சைத் தாங்கும்படி கொடுத்து, இன்னொரு கையால் பின்பக்கத்தை ஏந்தி, உடனே உங்கள் உடம்போடு அணைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுக்கூட்டை அமுக்க வேண்டாம், மெல்லிய எலும்பு, மூச்சுத் திணறும். பின்னங்காலைப் பிடித்து இழுத்தால் முறிவு நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். குச்சி மாதிரி மெலிந்த அந்தக் கீழ்க்கால் எலும்புக்குக் கட்டுப் போட்டுச் சரிசெய்வது எங்களுக்கு எவ்வளவு கஷ்டம், அதற்கு எவ்வளவு வலி என்பதைப் பார்த்தவன் சொல்கிறேன். சின்னப் பிள்ளைகள் நின்றுகொண்டு தூக்க விடாதீர்கள், உட்கார்ந்தபடிதான். முன்னும் பின்னும் கை கழுவச் சொல்லுங்கள், சின்சில்லாவிடமிருந்து படர்தாமரை ஒட்டலாம்.

வெக்கையான நாளில் அணைத்து வைத்திருக்க வேண்டாம். 25 டிகிரியைத் தாண்டினாலே அதற்கு ஆபத்து தொடங்குகிறது. காது சிவந்து சூடானால் உடனே குளிர்ந்த இடத்தில் விடுங்கள். சென்னையிலிருந்து இதைப் படிப்பவர்கள் ஏசி நிற்காமல் ஓடும் அறை இல்லாமல் இந்த உயிரை வாங்கவே வேண்டாம்.

இவ்வளவு பாடும் கொஞ்சுவதற்காக மட்டும் இல்லை. கையில் பழகிய சின்சில்லாவை வாரம் ஒருமுறை கிச்சன் தராசில் நிறுத்துப் பார்க்கலாம், தாடையைத் தடவிப் பார்க்கலாம், ஆணாக இருந்தால் பிறப்புறுப்பைச் சுற்றி முடி வளையமாக இறுகியிருக்கிறதா என்றும் பார்க்கலாம். நோயை வெளியே காட்டாமல் மறைக்கும் பிராணி இது, எடை குறைவதுதான் பல நேரம் முதல் அறிகுறி. நன்றாகப் பழகிய ஒன்று திடீரென்று தொட விடவில்லை என்றால் கோபம் என்று நினைக்காதீர்கள், எங்கோ வலிக்கிறது. அநேகமாகப் பல்லாக இருக்கும், அதன் பற்கள் ஆயுள் முழுக்க வளர்பவை, வேர் நீண்டு தாடையில் கட்டி மாதிரி தட்டுப்படும், வாயோரம் ஈரமாக இருக்கும். அதோடு சாப்பாட்டையும் நிறுத்திவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டி வாருங்கள்.