குளம் இல்லாத இடத்தில் குளத்து வெளிச்சம்

படித்துறையில் உட்கார்ந்திருப்பவரின் தாடையிலும் கன்னத்திலும் வெளிச்சக் கோடுகள் நெளிகின்றன. திரையில் தண்ணீரே தெரியவில்லை. ஆனாலும் கீழே தண்ணீர் இருக்கிறது என்று நம்பிவிடுகிறோம். படப்பிடிப்பில் அவர் காலடியில் இருப்பது பெரும்பாலும் ஒரு கருப்பு ட்ரே, 5 செ.மீ. தண்ணீர், அடியில் உடைந்த கண்ணாடித் துண்டுகள். பக்கத்தில் ஒரு விளக்கு. அவ்வளவுதான்.

கண்ணாடி எதற்கு? நேராக விழும் ஒளியில் சுமார் 2 சதவீதத்தைத்தான் தண்ணீர் திருப்பி அனுப்பும். மீதி உள்ளே இறங்கிவிடும். இறங்கியதை மேலே அனுப்பத்தான் கண்ணாடி. ஒரே பெரிய கண்ணாடியாகப் போட்டால் சுவரில் அதன் சதுர விளிம்பு விழுந்து காட்டிக்கொடுக்கும். துண்டுகள் ஆளுக்கொரு கோணத்தில் கிடந்தால் ஒளி சிதறிப் பரவும்.

நெளியும் கோடுகளை வரைவது தண்ணீரின் வளைவு. அலையின் முகடு குவிலென்ஸ் போல ஒளியைக் கூட்டுகிறது, பள்ளம் குழிலென்ஸ் போல விரிக்கிறது. கூடின இடம் கோடு. பறிகொடுத்த இடம் இருட்டு. இதற்கு விளக்கு சின்னப் புள்ளியாக இருக்க வேண்டும். வானத்தில் சூரியனின் அகலமே அரை டிகிரிதான். குளத்துக் கோடுகள் அவ்வளவு கூர்மையாக இருப்பது அதனால்தான். விளக்குக்கு முன்னால் டிஃப்யூஷன் துணி (ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் வெள்ளைத் துணி) கட்டினால் எல்லாம் மங்கிக் குழம்பிவிடும். இரண்டாவது விளக்கைச் சேர்த்தால் கோடுகள் இரட்டித்துப் பொய்யாகத் தெரியும்.

தண்ணீர் வேண்டாம் என்று சில்வர் ஃபாயிலைக் கசக்கி ஆட்டுபவர்களும் உண்டு. அவசரத்துக்குச் சரி. ஆனால் ஃபாயில் 1 டிகிரி சாய்ந்தால் ஒளி 2 டிகிரி திரும்பும். தண்ணீரின் மேற்பரப்பு அதே அளவு சாய்ந்தால், உள்ளே போய்க் கண்ணாடியில் பட்டு வெளியே வரும் ஒளி மூன்றில் இரண்டு பங்கு டிகிரிதான் விலகும். ஃபாயில் வெளிச்சம் பதறுவதும் தண்ணீர் வெளிச்சம் மெதுவாக அசைவதும் இதனால்தான். எனக்குத் தண்ணீர்தான் பிடிக்கும்.

அதிலும் கையை விட்டுக் கலக்கக் கூடாது. 5 செ.மீ. ஆழத்தில் நீளமான அலை வினாடிக்குச் சுமார் 0.7 மீட்டர் போகும்; ஒரு மீட்டர் ட்ரேயில் மூன்று வினாடிக்குள் சுவரில் மோதித் திரும்பிவிடும். அப்புறம் குளம் மறைந்து, வாளித் தண்ணீர் தளும்புவதுதான் முகத்தில் தெரியும். ஓரங்களில் ஸ்பாஞ்ச் வைத்தால் அலை அங்கேயே அடங்கும். ஒரு மூலையில் விரல் நுனியால் லேசாகத் தொட்டு, முதல் குலுக்கல் ஓயும் வரை பொறுத்திருந்து கேமராவை ஓட விட வேண்டும்.

ட்ரேயை முகத்தைவிடக் கீழே வையுங்கள். தாடையின் அடிப்பக்கம் ஒளிரும். மூக்கின் நிழல் நெற்றிப் பக்கம் ஏறும். விளக்கின் ஒயர் தண்ணீருக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும்; ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டை கட்டாமல் ஸ்விட்சைத் தொடாதீர்கள்.