மஞ்சள் பையை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்

அவர் முதன்முதலாக என் ஓ.பி.க்கு வந்தபோது கையில் ஒரு மஞ்சள் பை இருந்தது. உட்காரும்போது அதை மடியில் வைத்துக்கொள்வார், எழுந்தால் நெஞ்சோடு அணைத்துக்கொள்வார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். தயங்கித் தயங்கிக் காட்டினார். பஸ் டிக்கெட், கரண்ட் பில், ரேஷன் கடை ரசீது, டீக்கடையில் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு. எல்லாம் பதினோரு வருடத்துக் காகிதங்கள்.

"ஒரு நாள் கணக்குக் கேட்டு வருவாங்க டாக்டர். எங்க இருந்தேன், என்ன செலவு பண்ணேன்னு எல்லாம் காட்டணும். இல்லைன்னா தூக்கிட்டுப் போயிடுவாங்க."

யார் வருவார்கள் என்பது அவருக்கும் தெரியாது. காதில் கேட்கும் குரல்கள் அப்படிச் சொல்லியிருந்தன. அவருக்கு இருந்தது மனச்சிதைவு நோய். அவரை அடையாளம் கண்டுகொள்ள முடியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் இதை எழுதுகிறேன்.

நம் மொழியில் பித்து என்ற சொல்லுக்கு ஒரு மரியாதை உண்டு. சுந்தரர் சிவனைப் பித்தா என்று அழைத்துத்தான் பாடவே தொடங்கினார். பெற்ற மனம் பித்து என்கிறோம். ஆனால் அந்த மரியாதை நோயாளிக்குச் சோறு போடுவதில்லை. ஒருமுறை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மரத்தடியில் இருந்த ஒருவரை ஊரே சாமி என்று கும்பிட்டது. அவர் வீசும் கல் மேலே பட்டால் நல்லது நடக்கும் என்று காத்திருந்தவர்கள் உண்டு. நாங்கள் போய்ப் பார்த்தபோது அவர் கால் புண்ணில் புழு வைத்திருந்தது. மருந்து ஆரம்பித்து ஆறாவது வாரம் தன் ஊர்ப் பெயரைச் சொன்னார். அங்கே அவர் வீட்டில் வருடாவருடம் அவருக்குத் திதி கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அதனால் பைத்தியத்தில் ஞானம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நோய் யாரையும் ஞானி ஆக்குவதில்லை. தூக்கத்தையும் வேலையையும் உறவையும் பிடுங்கிக்கொள்கிறது. ஆனால் அந்த இருட்டுக்குள் போய்த் திரும்பி வந்தவர்கள் சொல்லும் சில வார்த்தைகள் இருக்கின்றன. அவற்றை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை.

மஞ்சள் பைக்காரர் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டார். பதினான்கு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை வெறுங்கையோடு வந்தார். முதலில் எனக்கே அவரை அடையாளம் தெரியவில்லை. பை எங்கே என்றேன்.

"வீட்டுல ஆணியில மாட்டிட்டு வந்துட்டேன்."

"குரல் கேட்கிறது நின்றுவிட்டதா?"

"சாயங்காலம் லேசா கேக்கும். கணக்கை எடுத்து வைன்னு சொல்லும். சொல்லிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். வந்து கேட்டா, எங்கிட்ட கணக்கு இல்லைங்கன்னு சொல்லிட வேண்டியதுதான். அதுக்கு மேல என்ன பண்ணிடப் போறாங்க?"

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எனக்கும் ஒரு பை உண்டு. சில வருடங்களுக்கு முன்பு திங்கட்கிழமை என்னிடம் வந்துவிட்டுப் போன ஓர் இளைஞன் அந்த வார வியாழக்கிழமை தன் உயிரை மாய்த்துக்கொண்டான். அன்று அவனிடம் நான் என்ன கேட்டேன், எதைக் கேட்காமல் விட்டேன் என்று இன்னமும் மனதுக்குள் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். யாரோ வந்து கேட்கப்போகிறார்கள் என்பது போல. கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்றுக்கொண்ட பிறகும் அந்தக் காகிதங்களை நான் கீழே வைக்கவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். "எல்லாத்தையும் விட்டுடுப்பா, மனசைத் தைரியமா வச்சுக்கோ" என்று நோயின் உச்சத்தில் இருப்பவரிடம் சொல்வதால் பயனில்லை. அந்தப் பயம் அவருக்கு முழு உண்மை. மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் வேலை நிலைகுலைந்திருக்கும்போது அறிவுரை உள்ளே போகாது. மருந்து முதலில் குரலின் சத்தத்தைக் குறைத்தது. அதற்குப் பிறகுதான் பையைக் கழற்றி மாட்டும் முடிவை அவரால் எடுக்க முடிந்தது. அந்த முடிவு முழுக்க அவருடையது.

சுமை என்று சொல்லும்போது எனக்கு இரும்பும் நினைவுக்கு வரும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. இருந்தும், வீட்டில் கட்டிவைத்தோம் என்று அழுதுகொண்டே சொன்ன பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். கட்டுவது தவறு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. மாதக்கணக்கில் ராத்தூக்கம் இல்லாமல், உதவிக்கு ஒருவரும் இல்லாமல் இருந்தவர்கள் அவர்கள்.

மஞ்சள் பைக்காரரோடு ஒவ்வொரு முறையும் வந்தவர் அவருடைய அக்கா. அவரிடமும் ஒரு பை இருந்தது. பழைய ஓ.பி. சீட்டு, மருந்துச் சீட்டு, ஸ்கேன் எல்லாம் அதில். அதைவிடக் கனமானது அவர் மனதில் இருந்தது. ஒருநாள் தம்பியைக் கடுமையாகத் திட்டியதால்தான் இந்த நோய் வந்தது என்று நம்பிக்கொண்டிருந்தார். யாரிடமும் சொன்னதில்லை. இது திட்டினால் வருகிற நோய் இல்லை என்று அவருக்குப் புரியவைக்க எனக்குப் பல வருகைகள் தேவைப்பட்டன.

அந்தக் குற்ற உணர்ச்சியில் அவர் தம்பியை ஒரு நிமிடம்கூட விடுவதில்லை. மாத்திரையை விழுங்கினானா என்று நாக்கைத் தூக்கிப் பார்ப்பார். குரல் கேட்கிறதா என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்பார். வீட்டில் ஓயாத குறை சொல்லலும் அளவு மீறிய கண்காணிப்பும் இருந்தால் நோய் திரும்ப வரும் வாய்ப்பு கூடுகிறது என்று இங்கிலாந்தில் சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுன் தொடங்கிவைத்த ஆய்வுகள் காட்டின. பல நாடுகளில் அது உறுதியும் ஆனது. அதற்காகக் குடும்பத்தைக் குற்றம் சொல்லிவிடக் கூடாது. களைத்துப்போன மனிதர் வேறு எப்படி இருப்பார்?

உங்கள் வீட்டில் யாராவது வாரக்கணக்கில் தூங்காமல் இருந்தால், தனியாகப் பேசிக்கொண்டால், காரணமில்லாமல் எல்லோரையும் சந்தேகப்பட்டால், ஒதுங்கியே இருந்தால் தாமதிக்காதீர்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்தும் இலவசம். டெலி மனாஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண் 14416, எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். கவனித்துக்கொள்பவரும் தன் பாரத்தைச் சொல்ல அதே எண்ணை அழைக்கலாம். நன்றாக இருக்கிறது என்று நீங்களாகவே மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

சென்ற மாதம் அக்கா மட்டும் கொஞ்சம் முன்னால் உள்ளே வந்தார். பல வருடங்களில் முதன்முறையாகக் குலதெய்வம் கோயிலுக்குப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தாராம். தம்பி வீட்டில் தனியாக இருந்து, ரசம் வைத்து, மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறார்.

"ராத்திரி நாலு தடவை போன் பண்ணேன் டாக்டர். அஞ்சாவது தடவை எடுக்கல. தூங்கிட்டானாம்."

பயமாக இல்லையா என்றேன்.

"இருந்துச்சு. அப்புறம் நானும் தூங்கிட்டேன்."