0.5-க்குக் கீழே இறங்கினால் தனி உமிழியா?

இரண்டு ஃபோட்டான்கள் (ஒளித்துகள்கள்) எந்தக் கால இடைவெளியில் எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்று காட்டுவது ஜி-2 வளைவு. அதன் நடுவில், இடைவெளி பூஜ்யமாகும் இடத்தில், பள்ளம் விழுகிறது, மதிப்பு 0.5-க்குக் கீழே இறங்குகிறது. உடனே "தனி உமிழி" (ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஃபோட்டானை விடும் ஒற்றை ஒளிமூலம்) என்று நோட்டில் குறித்துவிட்டு அடுத்த புள்ளியைத் தேடப் போகிறோம். நானும் வெகுநாள் அப்படித்தான் செய்தேன். அது போதாது.

அளவீடு எளிதுதான். வைரத்தில் ஒரு நைட்ரஜன் அணுவும் பக்கத்தில் ஒரு வெற்றிடமும் சேர்ந்த குறைபாட்டு மையத்தையோ, குவாண்டம் புள்ளி எனப்படும் நுண்ணிய குறைக்கடத்தித் துகளையோ லேசரால் தூண்டுகிறோம். வரும் ஒளியைப் பீம் ஸ்பிளிட்டரில் பிரித்து இரண்டு டிடெக்டர்களுக்கு அனுப்புகிறோம். ஒரு ஃபோட்டானைப் பிடித்த டிடெக்டர் சில பத்து நானோநொடிகளுக்கு அடுத்ததைப் பார்க்காது. இரண்டு தேவைப்படுவது அதனால்தான். உமிழி ஒன்றே என்றால் இரண்டும் ஒரே கணத்தில் பதிவு செய்யாது. 1977-ல் கிம்பிள், டாகனே, மாண்டெல் மூவரும் சோடியம் அணுக்களில் இந்த விளைவைக் காட்டினார்கள்.

சரி, 0.5 எங்கிருந்து வருகிறது? ஒரே அளவு பிரகாசமுள்ள இரண்டு உமிழிகள் தரும் மதிப்பு அது. "ஒரே அளவு" என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். ஒன்று மற்றதைவிட நான்கு மடங்கு பிரகாசம் என்று வையுங்கள். பங்கு 0.8, 0.2. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டி 1-லிருந்து கழித்தால் 0.32. இரண்டு உமிழிகள் இருந்தும் "தேறிவிட்டது"! மறுபக்கம், உண்மையிலேயே தனியான உமிழியின் ஒளியில் ஐந்தில் ஒரு பங்கு பின்னணி (சுற்றிலிருந்து வரும் வேண்டாத ஒளி) கலந்தால் 0.36. எண்ணை மட்டும் பார்த்து எது எது என்று யாரால் சொல்ல முடியும்?

அதனால் பின்னணியைக் கழித்த மதிப்பை மட்டும் தராதீர்கள். கழிக்காததையும் சேர்த்துத் தாருங்கள். பக்கத்து வெற்று இடத்தில் எத்தனை ஃபோட்டான் பதிவாகிறது என்று அளந்து, அதை வைத்தே கழியுங்கள். நிறமாலையையும் பாருங்கள். பள்ளத்தின் இருபுறமும் வளைவு 1-க்கு மேல் எழுந்தால், உமிழி அவ்வப்போது ஒளி விடாத இருள்நிலையில் சிக்குகிறது என்று பொருள். அப்போது வளைவு சமமாகும் நீண்ட தாமதத்தில் உள்ள அளவை 1 என்று வைத்தே இயல்பாக்க வேண்டும்.

அப்புறம் டிடெக்டர்கள். ஒருமுறை எங்கள் வளைவில் பள்ளத்தின் இருபுறமும் கூர்மையான மேடுகள் வந்தன. புதிய இயற்பியல் என்று இரண்டு நாள் அதையே பேசிக்கொண்டிருந்தோம். இரு பக்க ஃபைபர்களையும் சம அளவு நீட்டியதும் பள்ளம் நின்ற இடத்திலேயே நின்றது, மேடுகள் விலகிப் போயின. சிலிக்கான் டிடெக்டர் ஒரு ஃபோட்டானைப் பிடிக்கும்போது தானும் கொஞ்சம் ஒளி விடும். அது திரும்பிப் போய் அடுத்த டிடெக்டரில் விழுந்திருக்கிறது. இரண்டின் முன்னும் ஃபில்டர் வைத்தோம், மேடுகள் போய்விட்டன.