கிலோமீட்டர் காட்டாத தேய்மானம்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் வேலைக்குப் போய்வரும் 100 சிசி வண்டி ஒன்று 50,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதே மாடல் இன்னொன்று புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டுக்கும் பெரிய மார்க்கெட் கடைக்கும் மட்டும் போய்வந்து 20,000 ஓடியிருக்கிறது. எந்த இன்ஜினை முதலில் பிரிக்க வேண்டிவரும்? இரண்டாவதாகவும் இருக்கலாம்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி ஆவியாக சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுற்றி சிலிண்டர் சுவரை ஒட்டி நிற்கும், ஓரிடத்தில் வெட்டுள்ள வளையம்) இடுக்கில் நழுவிக் கீழே ஆயிலில் சேரும். இருபது கிலோமீட்டர் விடாமல் ஓடினால் ஆயில் நன்றாகச் சூடாகி அந்த ஈரம் வெளியேறிவிடும். இரண்டு கிலோமீட்டரில் நிறுத்தினால் அங்கேயே தங்கும், கூடவே எரியாத பெட்ரோலும். குட்டிப் பயணமே போகிறவர்கள் கிலோமீட்டரைப் பார்த்து ஆயில் மாற்றக் காத்திருக்கக் கூடாது. மாதக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

சிலிண்டர் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகத் தேய்வதில்லை. நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும் இன்ஜினில் பிஸ்டன் வினாடிக்கு 100 முறை உச்சிக்குப் போய், ஒரு கணம் நின்று, திரும்புகிறது. ஓட்டத்தில் இருக்கும்போது ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே ஆயில் படலம் நிற்கும். நிற்கும் அந்தக் கணத்தில் படலம் மெலிந்துபோகும். எரிப்பின் சூடும் அழுத்தமும் உச்சமாக இருப்பதும் அங்கேதான். அதனால் தேய்மானம் மேல் ஓரத்தில்தான் அதிகம். அனுபவமுள்ள மெக்கானிக் பிளாக்கை, அதாவது சிலிண்டர் இருக்கும் பகுதியை, கழற்றியதும் அந்த இடத்தைத்தான் விரலால் தடவிப் பார்ப்பார். படி மாதிரி தட்டுப்படும்.

விரல் போதாது, அளக்க வேண்டும். அதற்கு ஒரு அழகான வழி இருக்கிறது. ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனால் நேராகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (அளவு பொறித்த மெல்லிய தகடுகள்) பார்ப்பது. சிலிண்டரின் விட்டம் 0.1 மில்லிமீட்டர் கூடினால் சுற்றளவு 0.31 மில்லிமீட்டர் கூடும். அதாவது கண்ணுக்குத் தெரியாத தேய்மானத்தை இந்த இடைவெளி மூன்று மடங்கு பெரிதாக்கிக் காட்டிவிடுகிறது. எல்லை எவ்வளவு என்பது சர்வீஸ் கையேட்டில் இருக்கும். சிலிண்டர் அதன் எல்லையைத் தாண்டியிருந்தால் ரிங்கை மட்டும் மாற்றுவது வீண் செலவு. லேத்தில் போர் போட்டு, அதாவது சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும், அல்லது புது பிளாக் செட்.

பிரிக்காமலே தெரிந்துகொள்ள முடியாதா? முடியும். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் கிளப்பும்போது மட்டும் நீலப்புகை வந்து அடங்கினால், வால்வு சீல் (வால்வுத் தண்டு வழியே ஆயில் சிலிண்டருக்குள் இறங்காமல் தடுக்கும் ரப்பர்) மேல் சந்தேகப்படலாம். பிக்கப் கொடுக்கும்போதெல்லாம் வந்தால் ரிங். குளிர்காலக் காலையில் வரும் வெள்ளைப்புகை வெறும் நீராவி, பயப்பட வேண்டாம். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், குறைவாக இருந்தால் பிளக் துளை வழியே ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் ரிங் பக்கம் கசிவு. ஏறாவிட்டால் வால்வு பக்கம்.

டேப்பெட் விஷயத்தில், அதாவது வால்வுக்கும் அதை அமுக்கும் கைக்கும் நடுவே விடும் இடைவெளியில், நம்மில் பலருக்கும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு: சத்தம் வந்தால்தான் பிரச்சினை என்று. உண்மையில் சத்தமே இல்லாத டேப்பெட்தான் எனக்குக் கவலை தருகிறது. வால்வு தன் இருக்கையில் தேய்ந்து அமுங்க அமுங்க இடைவெளி குறையும், சத்தமும் குறையும். இடைவெளி முழுதாகப் போய்விட்டால் வால்வு சரியாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் இருக்கையைத் தொட்டிருக்கும் நேரத்தில்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. அந்தத் தொடுகை இல்லாமல் போனால் விளிம்பு கருகிவிடும். சின்ன வண்டிகளில் இந்த இடைவெளி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும், ஆகவே காதை நம்பி இதைச் சரிபார்க்க வேண்டாம். இன்ஜின் ஆறியபிறகு, கேஜ் வைத்து.

வால்வு திறந்து மூடுவதைப் பிஸ்டனின் ஓட்டத்தோடு இணைக்கும் டைமிங் செயின் தளர்ந்தால் ஐட்லிங்கில் கடகடக்கும். அதைத் தள்ளிப்போடக் கூடாது; பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ள வாய்ப்புண்டு. கிளட்ச் பிளேட் தேய்ந்தால் இன்ஜின் அலறும், வேகம் மட்டும் ஏறாது.

நம் கரையோரத்துக்கென்று தனியாக இரண்டு விஷயங்கள். ஒன்று மணல். கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் காற்றில் வரும் மணலில் உள்ள குவார்ட்ஸ், சிலிண்டரின் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. ஏர் ஃபில்டர் கிழிந்திருந்தாலோ சரியாகப் பொருந்தாமல் இருந்தாலோ அதன் பொடி நேராக ரிங்குக்குப் போகும். கையேட்டில் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே இங்கே ஃபில்டரைத் திறந்து பார்ப்பது நல்லது.

இன்னொன்று வெள்ளம். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபிறகு புதுச்சேரித் தெருக்களிலும் தென்பெண்ணைக் கரையிலும் வண்டிகள் மூழ்கிக் கிடந்தன. அப்படி மூழ்கிய வண்டியைக் கிளப்பவே கூடாது. தண்ணீரை அமுக்க முடியாது என்பதால் சிலிண்டருக்குள் நீர் இருந்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். முதலில் பிளக்கைக் கழற்றிவிட்டு, கிக்கரை மெதுவாகக் கையால் அமுக்கித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். அப்புறம் ஆயிலை வடித்துப் பார்க்க வேண்டும். பால் கலந்த மாதிரி இருந்தால் புது ஆயில் ஊற்றி, சிறிது நேரம் ஓடவிட்டு, வெளுப்பு மறையும்வரை திரும்பவும் மாற்ற வேண்டும்.