டாஸ் லேப்டாப் வேறு, லினக்ஸ் லேப்டாப் வேறு

லேப்டாப்பை வாங்கிவிட்டு வந்து "இதில் லினக்ஸ் (விண்டோஸுக்கு மாற்றான இலவச ஆபரேட்டிங் சிஸ்டம்) ஓடுமா?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. வாங்குவதற்கு முன்னால் கேளுங்களேன். இந்த வாரம் வந்தவர் ஒரு கல்லூரி மாணவர். புது மெஷின், 16 ஜிபி ரேம், லினக்ஸின் ஒரு வகையான உபுண்டு ஜம்மென்று ஏறிவிட்டது, வைஃபை மட்டும் வரவே இல்லை. பார்த்தால் உள்ளே மீடியாடெக் எம்டி7902 கார்டு. அதன் அண்ணன் எம்டி7921-க்கு 2021-இல் வந்த 5.12 கெர்னலிலேயே (லினக்ஸின் மையப் பகுதி) டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், சேர்ந்துவிட்டது. இந்த 7902 பல வருஷம் டிரைவரே இல்லாமல் கிடந்தது. "டாஸ் லேப்டாப்தானே அண்ணா, லினக்ஸுக்கென்றே விற்கிறார்கள் என்று கடையில் சொன்னார்கள்" என்றார்.

எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். டாஸ் லேப்டாப் என்பது விண்டோஸ் லைசென்ஸ் காசைக் கழித்துவிட்டு விற்பது, அவ்வளவுதான். அதில் இருக்கிற ஃப்ரீடாஸ் மைக்ரோசாஃப்டின் பழைய ஆபரேட்டிங் சிஸ்டமான எம்எஸ்-டாஸுக்கு மாற்றாக 1994-இல் தொடங்கிய திட்டம்; லினக்ஸுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. லினக்ஸில் வைஃபை வருமா, மூடியை மூடித் திறந்தால் தூக்கத்திலிருந்து எழுந்திருக்குமா என்று யாராவது சோதித்தார்கள் என்பதற்கு 'டாஸ்' என்ற ஸ்டிக்கர் எந்த உத்தரவாதமும் கிடையாது. பெட்டி மேல் இருக்கிற மாடல் பெயரையும் அப்படியே நம்பாதீர்கள். ஒரே மாடல், ஒரே விலை, ஆனால் ஒரு லாட்டில் இன்டெல் வைஃபை, அடுத்த லாட்டில் வேறு கம்பெனி கார்டு என்று வருவது எங்கள் தொழிலில் சாதாரணம். நண்பனுக்கு ஓடியது என்பதால் உங்களுக்கும் ஓடிவிடாது.

சரி, என்ன செய்யலாம்? கடையில் விண்டோஸோடு வைத்திருக்கும் டெமோ பீஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து நெட்வொர்க் அடாப்டர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், பில் போடும் முன் உங்களுக்குத் தரும் பீஸிலும் அதே கார்டுதானா என்று கேளுங்கள். கடைக்காரர் விட்டால், இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸ் ஓடும் ஒரு லைவ் பென்டிரைவ் போட்டு பூட் செய்து வைஃபை, கேமரா, மைக் எல்லாம் பாருங்கள், முக்கியமாக மூடியைப் பத்து நிமிஷம் மூடிவைத்துத் திறந்து பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், காசு உங்களுடையது. உபுண்டுவை வெளியிடும் கெனானிகல் நிறுவனம் அதற்குச் சான்றளித்த மாடல்களின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. அதிலும் எந்தப் பதிப்பில், எந்தக் கார்டோடு சோதித்தார்கள் என்பதுவரை படியுங்கள். கைரேகை சென்சார் வேலை செய்தால் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேம் ஆடாதவருக்கு என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. பட்ஜெட் குறைவு என்றால் ஆபீஸ்களிலிருந்து கழித்துவிட்ட லெனோவோ திங்க்பேட், டெல் லேட்டிட்யூட் செகண்ட் ஹேண்டில் பாருங்கள், பல புது மெஷின்களைவிட நிம்மதி.

இன்ஸ்டால் செய்யும்போது எஸ்எஸ்டியே தெரியவில்லை என்று பதறி வருகிறார்கள். இன்டெல் மெஷினில் பெரும்பாலும் பயாஸில் விஎம்டி (எஸ்எஸ்டியைத் தன் பின்னால் வைத்துக்கொள்ளும் இன்டெல் வசதி) ஆனில் இருக்கும், அதை அணைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் தயவுசெய்து, விண்டோஸும் வேண்டும் என்றால் விஎம்டியை அணைப்பதற்கு முன் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) ரெகவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஃபைல்களை வேறிடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள். கீ இல்லாமல் வந்து அழுதால் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் அவசரத்துக்கு ஆண்ட்ராய்டு போனை கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் போடுங்கள், நெட் வந்துவிடும். அப்புறம் பின்மூடியைக் கழற்றி, வைஃபை கார்டு போர்டோடு சால்டர் ஆகாமல் தனியாக ஸ்லாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இன்டெல் ஏஎக்ஸ்210 வாங்கி மாற்றிக்கொள்ளலாம். ஏஎக்ஸ்211 வேண்டாம், அது இன்டெல் பிராசஸரோடுதான் வேலை செய்யும். ஏஎம்டி மெஷினோடு அதையும் வாங்கிவந்து என் மேஜைமேல் வைக்காதீர்கள்.