டிஸ்பிளேயில் 25 டிகிரி, தட்டில் எவ்வளவு?

தாராபுரம், உடுமலை, கோபி என்று கொங்குப் பக்கம் விதை உற்பத்தி செய்யும் விவசாயிகள் நிறையப் பேர். சான்று பெறுவதற்கு நெல் விதை 80 சதவீதமாவது முளைக்க வேண்டும். தக்காளி 70, மிளகாய் 60. அதைச் சோதித்துச் சொல்வது லேபில் ஒரு மூலையில் நிற்கும் லைட் இன்குபேட்டர், அதாவது சூட்டையும் வெளிச்சத்தையும் வேண்டிய அளவில் வைத்து விதையை முளைக்க விடும் ஃபிரிட்ஜ் மாதிரியான பெட்டி. அது சரியாக ஓடாவிட்டால் நல்ல விதையும் ஃபெயில் ஆகிவிடும், ஒரு போகத்து உழைப்பு குப்பைக்குப் போகும். இந்த மெஷின்களைச் சர்வீஸ் செய்கிறவன் என்ற முறையில், லேபில் இருக்கிறவர்கள் தாங்களே பார்த்துக்கொள்ளக்கூடிய சில விஷயங்களைச் சொல்கிறேன்.

டிஸ்பிளேயில் தெரிவது சென்சார் இருக்கும் இடத்து வெப்பம். விதை இருக்கும் தட்டின் வெப்பம் வேறாக இருக்கலாம். லைட் எரியும்போது அதை ஒட்டிய தட்டு சூடாகும். விதை போட்டு மூடிய பெட்ரி டிஷ் என்ற சின்ன வட்டக் கிண்ணத்துக்குள் இன்னும் கூடும். தக்காளி, மிளகாய்க்கு வழக்கமாக 16 மணி நேரம் இருட்டில் 20 டிகிரி, 8 மணி நேரம் வெளிச்சத்தில் 30 டிகிரி வைக்கிறோம். அந்த 30 மேல் தட்டில் 34 ஆகிவிட்டால் யாருக்குத் தெரியும்? ஒரு சின்ன பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, அளவு சரிபார்த்த தெர்மாமீட்டரை அதில் நிறுத்தி ஒவ்வொரு தட்டாக வைத்துப் பாருங்கள். லைட் எரிந்து சில மணி நேரம் கழித்து ஒரு முறை, இருட்டு நேரத்தில் ஒரு முறை. ஒரு டிகிரி முன்னே பின்னே இருக்கலாம். இரண்டைத் தாண்டினால் ஆளைக் கூப்பிடுங்கள். தட்டுகளை நெருக்கி அடுக்கி ஃபேன் காற்றை அடைத்துவிட்டு மெஷினைக் குறை சொல்வதில் பயனில்லை.

வெயில் காலத்தில் வரும் போன்களில் முக்கால்வாசி, "ஏனுங்க, கூலிங்கே வரலீங்க, கேஸ் போயிருச்சுங்களா?" என்றுதான் ஆரம்பிக்கும். திருப்பூர், பல்லடம், சோமனூர் பக்கம் என்றால் முதலில் மெஷினின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சரைத்தான் பார்ப்பேன். மில்லும் தறியும் ஓடும் ஊரில் பஞ்சுத் தூசு காற்றிலேயே இருக்கிறது. மெல்லிய தகடுகளுக்கு இடையே கம்பளி மாதிரி படிந்து, சூடு வெளியே போக வழியில்லாமல் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெயின்ட் பிரஷ்ஷால் தகடு போகும் திசையிலேயே தள்ளிவிடுங்கள்; குறுக்கே தேய்த்தால் தகடு மடங்கும். மாதம் ஒரு முறை போதும், தறிக்குப் பக்கத்தில் இருந்தால் இரண்டு முறை. சுவரிலிருந்து அரை அடியாவது தள்ளி வையுங்கள். இன்னொன்று: கூலிங் தரும் கேஸ், பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் அல்ல. அது குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் வருஷா வருஷம் கேஸ் ஏற்றுகிறவரை நம்பாதீர்கள்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் பகல் முழுக்கக் கரண்ட் இருக்காது. முள் சுற்றும் பழைய டைமர் அத்தனை மணி நேரமும் நின்றுவிடும். கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். காலை ஒன்பதுக்கு எரிய வேண்டிய லைட் சாயங்காலம் எரியும், பார்க்கிறவர் யாரும் இருக்க மாட்டார்கள். ஆகவே கரண்ட் போய் வந்தால் டைமர் முள்ளைச் சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். கம்ப்ரஸர் உடனே ஓடவில்லை என்று சுவிட்சை மாற்றி மாற்றிப் போடாதீர்கள். மூன்று முதல் ஐந்து நிமிடம் பொறுத்துத்தான் அது ஓடும், ஓட வேண்டும். ஸ்டெபிலைசரும் சரியான எர்த்தும் கட்டாயம்.

மெஷினுக்குள் ஈரப்பதம் தரும் தொட்டிக்குப் போர் தண்ணீர் வேண்டாம். நம் ஊர் உப்புத் தண்ணீர் சீக்கிரமே வெள்ளைப் பொருக்கு கட்டிவிடும். காய்ச்சி வடித்த தண்ணீர்தான். பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டையும் வாராவாரம் கொட்டிக் கழுவுங்கள், டெங்கு கொசு அதில் முட்டையிடும்.

டியூப் எரிகிறது என்பதற்காக வெளிச்சம் போதும் என்று அர்த்தமில்லை. ஓரம் கறுத்த டியூப் கண்ணுக்குப் பிரகாசமாகவே தெரியும். தட்டு உயரத்தில், வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர் வைத்துப் பாருங்கள். முளைப்புச் சோதனைக்கு 750 முதல் 1250 லக்ஸ் வேண்டும். பூஞ்சை துடைக்க 70 சதவீத ஆல்கஹால் நல்லது. ஆனால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் துடையுங்கள், நன்றாகக் காய்ந்த பிறகே போடுங்கள். உள்ளே ஹீட்டர் இருக்கிறது, ஆவி தீப்பிடிக்கும்.

மெஷின் பழுதானால் உள்ளே இருந்த மாதிரிகளை வேறு இன்குபேட்டருக்கு மாற்றிவிட்டு, எண்ணி ரிப்போர்ட் போட்டுவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எத்தனை மணி நேரம் எந்தச் சூட்டில் கிடந்தது என்று தெரியாத தட்டு அது. பையில் மீதம் இருக்கும் விதையை எடுத்துச் சோதனையை முதலிலிருந்து போடுங்கள். ரிப்போர்ட் இரண்டு வாரம் தள்ளிப்போகும். காரணத்தை விதைக்காரரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.