பாறைமேல் அமர்ந்திருக்கும் அகல்பட்டை நிலநடுக்கமானி

“நேத்து மத்தியானம் பாத்திரமெல்லாம் குலுங்குச்சு சார், குவாரி வெடியா, பூமி ஆடுச்சா?” என்று பூம்பாறைப் பக்கத்துப் பூண்டு விவசாயி ஒருவர் கேட்டார். பழனி மலையில் நிலநடுக்கப் பதிவுக் கருவிகளைப் பராமரிக்கும் நான் இத்தகைய கேள்விகளைத் தட்டிக்கழிப்பதில்லை. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர் வட்டாரத்தில் சுமார் 6 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டதை நினைவில் வைத்திருக்க வேண்டியவர்கள் நாம்.

கொடைக்கானலுக்குச் சூரிய ஆய்வகம் வந்த 1899இலேயே மில்ன் வகை நிலநடுக்கமானியும் வந்துவிட்டது. 1960களில், உலகெங்கும் ஒரே தரக் கருவிகளைக் கொண்ட வலையமைப்பின் பகுதியாக இங்கு அமைந்த நிலையத்தில், விரைவான அதிர்வுகளுக்கு ஒரு தொகுதியும் மெதுவான அலைகளுக்கு வேறொரு தொகுதியுமாகக் கருவிகள் தனித்தனியே இயங்கின. உருளையில் சுற்றிய ஒளிப்படத் தாளை அன்றாடம் கழற்றி இருட்டறையில் கழுவ வேண்டும். பெரிய நடுக்கம் வந்தாலோ கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அளக்க முடியாதபடி குழம்பிவிடும்.

இந்தக் குறையைத் தீர்த்தது விசைப் பின்னூட்ட முறை. ஸ்பிரிங்கில் நிற்கும் எடை எவ்வளவு தூரம் ஆடியது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, அதை ஆடவிடாமல் அதே இடத்தில் நிறுத்திவைக்க மின்காந்தச் சுருளுக்கு எவ்வளவு மின்னோட்டம் தேவைப்படுகிறது என்பதையே புதிய கருவிகள் பதிவு செய்கின்றன. வீலண்டும் ஸ்ட்ரெக்கைசனும் உருவாக்கிய எஸ்டிஎஸ்-1 என்ற கருவி இவ்வழியில், ஒரு முறை ஏறி இறங்க 360 வினாடி எடுக்கும் அலைகளையும் பிடித்தது. அதற்குப் பின் வந்த எஸ்டிஎஸ்-2, 120 வினாடி அலை முதல் வினாடிக்கு 50 அதிர்வு வரை ஒரே பெட்டிக்குள் அடக்கியது. இப்படி மெதுவான அலையையும் விரைவான அதிர்வையும் சேர்த்துப் பதிவதுதான் அகல்பட்டை நிலநடுக்கமானி. மின்சைகையை நுட்பமான எண்களாக மாற்றும் 24 பிட் இலக்கமாக்கியும் சேர்ந்தபின், அடிவாரத்தில் நிகழும் சிற்றதிர்வும் சுமத்ராவின் பேரதிர்வும் ஒரே பதிவில் தெளிவாகக் கிடைக்கின்றன.

இதன் அருமை உயிர்களோடு தொடர்புடையது. 2004 டிசம்பர் 26 அன்று முதல் கால் மணி நேரத்தில் 8.0 அளவு என்று மதிப்பிடப்பட்ட, சுனாமியை எழுப்பிய சுமத்ரா நிலநடுக்கம் உண்மையில் 9.1, வெளிப்பட்ட ஆற்றலில் ஏறத்தாழ 45 மடங்கு வேறுபாடு. குறுகிய அலைகளை மட்டும் கொண்டு அளந்தால் பேரதிர்வுகள் சிறியவையாகத் தோன்றும். நீண்ட அலைகளைப் பதியும் கருவிகள் அன்றும் உலகெங்கும் இருந்தன. சில நிமிடங்களில் அவற்றைக் கொண்டு அளவைச் சொல்லும் நடைமுறைதான் பின்னர் வளர்ந்தது.

இவ்வளவு நுட்பமான கருவிக்கு அமைதி வேண்டும். எங்கள் பெட்டி சார்னோகைட் பாறையோடு பிணைந்த கான்கிரீட் மேடையில், சுவரைத் தொடாமல், தெர்மாகோல் உறைக்குள் இருக்கிறது. ஒருமுறை பராமரிப்புக்குப்பின் உறையைச் சரியாக மூடாமல் வந்துவிட்டேன். இரவுக் குளிரில் வெப்பநிலை மாற, நீண்ட அலைப் பதிவு முழுவதும் மெல்லச் சாய்ந்துபோயிருந்தது. இருபதடி தள்ளி ஒரு விடுதி போர்வெல் மோட்டார் பொருத்தியபோது விரைவான அதிர்வுப் பதிவு அதன் இரைச்சலில் மூழ்கிப்போனது. காற்றில் ஆடும் யூக்கலிப்டஸ் மரமும் வேர் வழியே நிலத்தை அசைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளித்தால் கடலலைகளால் ஆறேழு வினாடி இடைவெளியில் நிலத்தில் எழும் அதிர்வு இந்த உயரத்திலும் திரையில் தடிக்கும்.

அந்த விவசாயி குலுங்கிய நேரத்தைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நிமிடம் தவறாமல் குறித்துவைத்திருந்தது எனக்குப் பெரிய உதவி. அதே நிமிடத்தில் எங்கள் பதிவிலும் பக்கத்து நிலையப் பதிவிலும் முதல் அசைவு மேல்நோக்கி இருந்தது. பின்வரும் குறுக்கலை, அதாவது நிலத்தைப் பக்கவாட்டில் அசைக்கும் அலை, மெலிந்திருந்தது. வெடி எல்லாத் திசையிலும் நிலத்தை வெளியே தள்ளுவதால் இப்படித்தான் பதியும். “வெடிதான் ஐயா” என்று திரையைக் காட்டிச் சொன்னேன்.